குறையே இல்லாத கார்டு

சிவகாசியில் அச்சகங்களின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. கேம் விளையாடுவதற்கென்று விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு கேட்டு என் கடைக்கு யாரும் வருவதில்லை. ஆமத்தூரிலிருந்து ஒரு இளைஞன் மட்டும் வந்தான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவன். தீபாவளி சீசனுக்கு முன்னால் அவனுக்கு அதை வரவழைத்துக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவன் அம்மா அந்தக் கார்டுப் பெட்டியோடு வந்தார்.

"விக்கணும் தம்பி. நல்லா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

பின்னால் அவன் நின்றான். இரண்டு கைகளிலும் துண்டைச் சுற்றியிருந்தான். அவன் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது எனக்குத் தெரியும். உள்ளே இவன் இருந்தது தெரியாது.

அதை வாங்குவதற்காக அவர்களோடு வந்திருந்த சாத்தூர்க் கல்லூரி மாணவன் பக்கத்தில் நிற்க, கார்டை மாட்டிக் கடுமையான சோதனை ஒன்றை ஓடவிட்டேன். மின்விசிறிகள் சீராகச் சுற்றின. சூடு ஒரு அளவுக்கு மேல் ஏறவில்லை.

"இம்புட்டுப் புதுசா இருக்கே, ஏன் விக்கிறீக? பிட்காயின் மைனிங்ல ராப்பகலாப் போட்டு வாட்டினதா?" என்றான் மாணவன்.

ஆமத்தூர் இளைஞன் துண்டை விலக்கினான். வலது கையில் விரல்களே இல்லை. இடது கையில் கட்டைவிரலும் பாதி ஆள்காட்டி விரலும் மிச்சம். மாணவன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

"ஒரு தடவ கேமப் போடுங்கண்ணே."

போட்டேன். மவுஸை மணிக்கட்டால் தள்ளினான். திரையில் அவனுடைய வீரன் சுவரைப் பார்த்துத் திரும்பியபடியே சுடப்பட்டு விழுந்தான். மறுபடி தொடங்கினான். மறுபடி விழுந்தான்.

"போதும்லே," என்றார் அம்மா.

அவன் கையை எடுத்தான். "இதுல ஏதாச்சும் கோளாறு இருக்கும்னு நெனச்சேண்ணே. இருந்தா யாரும் வாங்க மாட்டாகள்ல?"

அதைக் கேட்டபின் நான் இன்னொரு முறை சோதித்தேன். சின்னதாக ஏதாவது அகப்படாதா என்று எனக்கும் இருந்தது. எதுவுமே இல்லை.

"நல்லாத்தான் இருக்குப்பா," என்றேன்.

மாணவனைக் கூப்பிட்டுக் கார்டைக் கொடுத்தேன். அவன் பேரம் பேசவில்லை.

அடுத்த சீசனில் அந்த அம்மா வேறொரு கம்பெனியில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அதே மருந்து வேலைக்கு.