மேல் வரியை மட்டும் கிழித்தார்கள்

முதலில் இடது தாடை வலித்தது. பல்வலி என்று நினைத்தேன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி மில்லில் எனக்கு உலை வேலை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு இறுகியது. உலைப் பக்கம் நின்றும் வியர்வை குளிர்ந்தது.

முதலுதவி அறைக்குப் புது ஈசிஜி மிஷின் (நெஞ்சுத் துடிப்பைக் கோடாக வரைவது) வந்திருந்தது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் கோட்டைத் தானே படித்து, முடிவை மேலே அச்சடித்துவிடும். எனக்கு 'நார்மல்' என்று அடித்தது.

கம்பவுண்டர் தாஸ் அந்த ஒரு வரியை மட்டும் கிழித்துக் கொடுத்தார். ஷிப்ட் ஆபீசில் காட்ட அது போதும். கோடுகள் குப்பைக்கூடைக்குப் போயின. எல்லாருக்கும் அப்படித்தான்.

"வலிக்குதுண்ணா" என்றேன்.

"மிஷினே நார்மல்னு சொல்லுது, அத்தவிட உனுக்குத் தெரியுமா நைனா? வெறும் வாயு, கேஸு. ஒரு சோடா குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். உலைக்குத் திரும்பினேன். ராத்திரி மனைவி செல்வியும் சீட்டைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. ஏன் மூஞ்சத் தூக்கினு கீற?" என்றாள். வலி எனக்கு. அதை நம்ப ஒரு ஆள் இல்லை.

காலையில் வாசலில் விழுந்தேன். பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பழைய ஈசிஜியைக் கேட்டார். செல்வி சீட்டை நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோடு எங்கம்மா?"

"மிஷின் நார்மல்னு..."

"வலிக்குதான்னு மிஷின் கேக்காதும்மா. ஆரம்பத்துல கோட்டுல தெரியாமகூட இருக்கும். வலி நிக்கலன்னா திரும்ப எடுத்துப் பாக்கணும்."

மாரடைப்பு (இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது). கட்டியைக் கரைக்க ஊசி போட்டார்கள். உயிர் தப்பியது. இதயத்தில் கொஞ்சம் சதை செத்துப்போனது. அது திரும்ப வராதாம்.

லேசான வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு மில்லுக்குப் போனேன். தாஸ் மறுபடி ஒயரை ஒட்டினார். 'அப்நார்மல்' என்று அடித்தது.

"மிஷின் ஒத்துக்கல நைனா. ஊட்டுக்குப் போ."

சாகக் கிடந்தபோது சரி என்றது. தேறி வந்தால் தள்ளுகிறது. தாஸ் மேல் வரியைக் கிழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முழுசா குடுண்ணா."

"இன்னாத்துக்கு? கோட்ட நீ படிக்கப் போறியா?"

"டாக்டரம்மா படிக்கும்."

முழுத் தாளோடு பொன்னேரிக்குப் போனேன். டாக்டரம்மா அதை ஆஸ்பத்திரிக் கோட்டோடு வைத்துப் பார்த்தார். பழைய தழும்புதான், புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். இப்போது மில் ஸ்டோரில் வேலை. உங்களுக்கும் ஈசிஜி எடுத்தால் முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

முன்பு ஸ்டேஷன் படியில் ஓடி ரயிலைப் பிடிப்பேன். இப்போது பாதியில் நின்று நெஞ்சில் கை வைக்கிறேன். வலிக்கிறதா என்று நானே கேட்கிறேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த படி. அதற்குள் ரயில் போய்விடும். போகட்டும்.