ஆற்றுக்குப் பாடு வைத்தோம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு அரசாங்கம் உண்டு. எண்ணூர் முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி. எங்கள் வார்டுக்கு என் மனைவிதான் கவுன்சிலர். தண்ணீரைத் தாண்டினால் ஊராட்சி. அதற்குத் தலைவர் என் தங்கை. அந்தக் கரையில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எவ்வளவு பாரத்தைத் தூக்கினாலும், இந்த இரண்டு பேருக்கு நடுவில் வாயைத் திறக்கும் தெம்பு மட்டும் எனக்கு வந்ததே இல்லை.

அப்போதெல்லாம் ஆலைக் கழிவு கலந்து ஆற்றில் கறுப்புத் தண்ணீர் வந்தால் எங்கள் கரை ஜனங்கள் என் மனைவியிடம் வருவார்கள். அது அக்கரையிலிருந்து வருவது என்று இங்கே சொல்லுவோம். அக்கரை ஜனங்கள் என் தங்கையிடம் போவார்கள். அது இக்கரை எல்லை என்று அவர்கள் சொல்லுவார்கள். இப்படிப் பேசி முடிப்பதற்குள் கடல் உள்வாங்கி ஆற்றுத் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிடும். கறுப்பு மொத்தமும் கடலுக்குப் போய்விடும். அதிகாரிகள் வந்து நிற்கும்போது எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. நாற்றம் இருக்கும், ஆனால் அதைக் கேனில் பிடித்துக் கொடுக்க முடியாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி சட்டென்று சொன்னாள். "இன்னாய்யா, உன் தங்கச்சிக்கு போன் போடு. நாங்க ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல கையெழுத்து போட்டா, எல்லை எதுன்னு எவன் கேக்கறான் பாக்கலாம்."

தங்கை படகேறி வந்தாள். இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேசினார்கள், சண்டை போட்டார்கள், நான் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் ஒன்று முடிவானது. கறுப்பைக் கண்டவுடன் இரண்டு கரைக்கும் போன் போக வேண்டும். இரண்டு கரை ஆட்களும் ஒரே படகில் போய்த் தண்ணீரைக் கேனில் பிடிக்க வேண்டும். புகாரில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

யார் காவல் பார்ப்பது என்று அடுத்த கேள்வி. எங்கள் குப்பத்து நாட்டாமை, "பாடு வெச்சிக்கலாம்" என்றார். ஆற்றில் வலை போட எங்கள் கரைக்கு ஒரு நாள், அக்கரைக்கு ஒரு நாள் என்று முறை உண்டு. அதுதான் பாடு. அடுத்தவர் பாடு அன்றைக்கு இறால் காலடியில் துள்ளினாலும் ஒருவரும் வலையைத் தொடமாட்டார்கள். அதற்குப் போலீஸும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். அதே முறையில் காவலும் பார்த்துக்கொள்ளலாம் என்றதும் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று எனக்கே ஆச்சரியம்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை நடந்தது. முதல் கேனைக் கொடுத்த அதே வாரத்தில் அதிகாரிகள் வந்து கழிவு விட்ட ஒரு குழாயை அடைத்தார்கள். என் மனைவி சந்தோஷத்தில் அக்கரைக்கு ஒரு பாத்திரம் நிறைய நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். அவள் என் தங்கைக்கு எதையும் கொடுத்தனுப்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அந்த நாள் வந்தது. எங்கள் கரையின் பாடு. காவலுக்கு இருந்தவர்கள் முகத்துவாரம் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்போ மேலே பாலத்துப் பக்கமிருந்து வந்தது. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், வலையை இழுத்தபோதுதான் தெரிந்தது. புது வலை, தார் பூசிய மாதிரி வந்தது. கேன் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது.

தங்கை அதை முன்பே பார்த்துவிட்டாள் என்று படகுக்காரர் ஒருவர் சொன்னதும், என் மனைவி அவளுக்குப் போன் போட்டாள். "நீ பாத்தியாமே?"

"காலையிலயே பாத்தேன் அண்ணி. பாலத்தாண்ட கறுப்பா வந்துகினு இருந்துச்சு."

"பாத்துட்டு?"

"உங்க பாடாச்சே அண்ணி."

என் மனைவி போனைக் கட்டிலில் வீசினாள். மத்தியானம் எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "உன் தங்கச்சி..." என்று ஆரம்பித்தாள். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் வலை பின்னும் கூடத்தில் கூட்டம். ஒப்பந்தத்தை முறித்துவிடுவது என்று எங்கள் ஆட்கள் தீர்மானமாக வந்திருந்தார்கள். முறிந்தால் கையெழுத்தும் இல்லை, கேனும் இல்லை, பழையபடி எல்லையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. ஒரு பாத்திரம் குழம்பில் ஆரம்பித்த உறவு அந்தக் கூடத்திலேயே முடிந்துவிடுமோ என்று.

தங்கை தனியாக வந்தாள். மச்சான் தன் வலையைத் தரையில் விரித்து வைத்திருந்தான். அவள் அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினாள்.

"பாத்தேன். சொல்லல. உங்க பாடு அன்னிக்கு நான் பூந்து பேசினா, உங்க ஆளுங்க தூங்கிகினு கீறாங்கன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடாதா? அந்த அசிங்கம் உங்களுக்கு வேணாம்னுதான் வாய மூடிகினு இருந்தேன். தோ, இந்த வலையப் பாத்தா..." குனிந்து, கறுப்புப் பிடித்த வலைக் கண்ணியைத் தொட்டாள்.

திட்டுவதற்கென்றே வந்த கூட்டம் அது. ஒருவரும் திட்டவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் தாங்களும் அதையேதான் செய்திருப்போம் என்று அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நாட்டாமைகூட மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது; என் தங்கை என்று பெருமையாகவும் இருந்தது.

மச்சான்தான் என் தங்கையைப் பார்த்து வாயைத் திறந்தான். "யக்கா, எங்க பாடு அன்னிக்கு படகு கவுந்தா இன்னா பண்ணுவ? பாடு பாத்துகினு கரையில நிப்பியா?"

"இன்னாடா பேசற நீ? குதிப்பேன்."

"அப்ப இதுக்கும் குதி."

என் மனைவி பாயில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "வா, வந்து உக்காரு. எவ்ளோ நேரம் நின்னுகினே இருப்ப" என்றாள். மீனுக்கு மட்டும் பாடு, கறுப்புத் தண்ணீருக்குப் பாடு கிடையாது என்று அன்றைக்கே மாற்றி எழுதினார்கள். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறு சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? என் தங்கைக்குத்தான் இப்போது எல்லாமே கறுப்பாகத் தெரிகிறது. மேகத்தின் நிழல் தண்ணீரில் விழுந்தால்கூடப் போன் வருகிறது. "உன் தங்கச்சியோட ஒரே பேஜாருய்யா" என்று என் மனைவி சலித்துக்கொள்கிறாள், சலித்துக்கொண்டே செருப்பை மாட்டுகிறாள்.

மச்சான் இன்னும் வலை வாங்கவில்லை. அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறான். ஆனால் அக்கரையிலிருந்து போன் வந்துவிட்டால் எங்கள் யாருக்கும் முன்னால் ஓடிப்போய்ப் படகைத் தண்ணீரில் தள்ளுகிறவன் அவன்தான்.