சோமெலுக்கு ஆகாத பீடத்துப் பூ

சுங்கை பினாங் அடுக்குமாடியில் லீனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. வாரநாளில் ஆபீஸில் கிளார்க்; சனிக்கிழமை வந்தால் மாதா கோயிலில் பூ அலங்காரம். கல்யாணம் ஆகவில்லையே என்று யாராவது உச்சுக் கொட்டினால், "எனக்குத்தான் புள்ள இருக்கே, வாலுதான் கொஞ்சம் நீளம்" என்பாள்.

அந்தப் பிள்ளை சோமெல், காது கிழிந்த செம்பட்டைப் பூனை. பாசாரில் கடைகளுக்கு நடுவே மழையில் நனைந்து கிடந்ததை அவள்தான் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் வேலை விட்டு வரும் அவளுக்காக வீட்டில் ஒரு உயிர் காத்திருந்தது.

பீடத்தில் வைத்த பூவைக் குப்பையில் போடக்கூடாது என்பது அலங்காரம் செய்யும் பெண்களின் கட்டுப்பாடு. ஆளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அந்த ஈஸ்டர் முடிந்ததும் லீனாவின் பங்குக்கு வெள்ளை லில்லிகள் வந்தன. மாதா படத்தின் முன்னால் ஜாடியில் வைத்தாள். சோமெல் போய் மூக்கை நுழைத்தது. முகமெல்லாம் பூவின் மஞ்சள் மகரந்தத் தூள்.

"அடேயப்பா, ஆசீர்வாதம் வாங்கிட்டியா?" என்று சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால், பூனையின் வாயிலிருந்து எச்சில் நூல்நூலாக வழிகிறது. தாடை, மார்பு, பாய் எல்லாம் ஈரம். சார்டின் மீன் வைத்தாள், முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சார்டினை வேண்டாமென்கிற சோமெலா!

எதிர்வீட்டு வில்லியம் எட்டிப் பார்த்தார். "பல்லிய கடிச்சிருக்கும்லா. கசப்புக்கு வாய் ஊறும். சாயங்காலம் சரியாயிரும்."

லீனாவுக்கு மனசு கேட்கவில்லை. பூனைக்கு ஊசி போடும் டாக்டர் நஜ்வாவுக்குப் போன் போட்டாள்.

"கசப்புன்னா கொஞ்ச நேரத்துல நின்னுரும்க்கா. இது நிக்கல, சாப்பாடும் வேணாங்குது. வீட்டுல புதுசா என்ன இருக்கு? மருந்து, செடி?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். சாமி பூ மட்டும்தான்."

"என்ன பூ?"

"லில்லி."

டாக்டரின் குரல் உயர்ந்தது. "உடனே கொண்டு வாங்க! அந்தப் பூவோட தூள் பூனையோட கிட்னிய கெடுத்துரும். உடம்ப நக்கவிடாம துண்டுல சுத்துங்க."

வில்லியம் கெரேத்தா சாவியை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் இறங்கி வண்டியைக் கிளப்பினார்.

கிளினிக்கில் ரோமத்தைக் கழுவி, டிரிப் ஏற்றினார்கள். "என் கையாலேயே வெச்சேனே" என்று லீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"எச்சில்தானேன்னு விட்டுட்டு, மூத்திரம் நின்ன பிறகு தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்கக்கா. அப்ப என் கையில ஒண்ணும் இருக்காது. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க," என்றார் நஜ்வா. "இது ஒழுங்கா மூத்திரம் போகணும். அதுக்கு வேண்டிக்குங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கிளினிக்கில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். மாதாவிடம் எத்தனையோ வரம் கேட்டிருக்கிறாள். பூனையின் மூத்திரத்துக்காக மன்றாடியது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் சோமெல் எழுந்து, மூலைக்குத் திரும்பி, போட்டிருந்த துணியெல்லாம் நனையப் பெய்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"மாதாவே, நன்றி! டாக்டர், நன்றி! வில்லியம் அண்ணே, போயிருச்சுண்ணே!" லீனா ஓவென்று அழுதாள்.

நஜ்வா ஓடிவந்து பார்த்தார். "காலையில எடுத்த ரத்தமும் நல்லாத்தான் இருக்கு. பொழச்சுக்கிச்சு."

வெளியே காத்திருந்த வில்லியம் உள்ளே வந்து, கம்பிக்குள் விரலைவிட்டு அந்தக் கிழிந்த காதைத் தடவினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"போடா ராசா," என்றார். "இன்னும் நல்லா போ."