மதினி காட்டிய வீடு

அந்த ஆஸ்பத்திரியில் மதியத்துக்கு மேல்தான் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். அதுவரை நானும் அண்ணன் மனைவியான மதினியும் போலந்தின் அந்தச் சின்ன ஊரில், குளிரில், போக இடமில்லாமல் நடந்துகொண்டிருந்தோம். இராஜபாளையத்து நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த என் அண்ணன், அங்கே ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய், உயரத்திலிருந்து விழுந்து, நினைவில்லாமல் கிடந்தான். தலையில் அடி, தேறுவது கடினம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா இருதய நோயாளி. அவளிடம் காலில் எலும்பு முறிவு என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து இராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்ட மதினி, மதுரைக்கு அப்பால் போனதே அந்த ஒரு தடவைதான். அந்த நாட்களில் அவர் அழவே இல்லை. அழுதால் அது நடந்துவிடும் என்று நம்பியவர் போல வாயை இறுக்கிக்கொண்டிருந்தார்.

குளிருக்கு ஒதுங்கத்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் போனோம். பழைய போலந்து கிராமத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரு தோப்புக்குள் அப்படியே நிறுத்தியிருந்தார்கள். மரச்சுவர், வைக்கோல் கூரை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய மண் அடுப்பு, உத்தரத்தில் தொங்கும் தொட்டில், பூ வரைந்த மரப்பெட்டி, கூரையோரம் வரிசையாகச் சாமிப் படங்கள், தலையணைகளை அடுக்கிவைத்த கட்டில். யாரும் தொடாதபடி குறுக்கே ஒரு கயிறு. எரியாத அந்த அடுப்பை நோக்கிக் கைகளை நீட்டியபடி மதினி நின்றார்.

அப்போது அம்மாவின் வீடியோ கால் வந்தது. எடுக்காவிட்டால் பதறிவிடுவாள். மதினி எடுத்தார்.

“ஏட்டி, எம்மவன் மூஞ்சியக் காட்டு. எத்தன நாளா ஏமாத்துவ?”

“அவிய கட்டு மாத்தப் போயிருக்காக அத்த. செத்த நேரத்துல வந்துருவாக.”

“அவன் படுக்குற எடத்தயாவது காட்டு. நம்புதேன்.”

மதினி கயிற்றைத் தாண்டிப் போய் அந்தக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். போனைத் திருப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார். “இதுதான் அத்த வீடு. இது அடுப்பு. இங்கனதான் படுத்துக்கிடுதாக.”

அம்மாவின் குரல் இளகியது. “தலகாணி இம்புட்டு ஒசரமா? அவனுக்குக் கழுத்துப் பிடிக்குமே. ஒண்ண எடுத்துரு.”

மதினி மேலிருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

காவலுக்கு இருந்த வயதான பெண்மணி ஏதோ அதட்டிக்கொண்டு ஓடிவந்தார். மதினியின் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியில் நின்றுவிட்டார்.

“அது யாரு?” என்றாள் அம்மா.

“வீட்டுக்காரம்மா,” என்றார் மதினி.

திரையில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். “எம்புள்ளயப் பாத்துக்கிடுங்க தாயி.”

ஒரு வார்த்தையும் புரியாத அந்தப் பெண்மணி, சால்வைக்குள்ளிருந்து கைகளை எடுத்துத் தானும் கும்பிட்டார். போன் அணைந்த பிறகுதான் மதினி அந்தத் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பெண்மணி மதினியின் முதுகில் கைவைத்தபடி நின்றார். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை.

அண்ணன் கண் திறக்கவேயில்லை. அந்த வாரமே போய்விட்டான். பெட்டியில் கொண்டுவந்து இராஜபாளையத்தில் இறக்கினோம். கால் முறிந்தவன் எப்படிச் செத்தான் என்று அம்மா மதினியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். திடீரென்று காய்ச்சல் வந்தது, நாங்கள் மருந்து வாங்கப் போன நேரத்தில் அந்த வீட்டிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றார் மதினி. கடைசியாக அவன் என்ன பேசினான் என்று அம்மா கேட்பாளே, அந்தக் கேள்விக்குப் பயந்து சொன்னது அது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது மதினி பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்கிறாள்.

“அந்த வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு போனப் போடுட்டி. கடைசியா எம்மவன் என்ன சொன்னான்னு அவளுக்குத்தான தெரியும்.”

மதினி செருப்பைக் கழற்றியபடி, தலை நிமிராமல் சொல்கிறார்: “போடுதேன் அத்த.”