படிக்கட்டுச் சுவரில் வந்த கறை

அவர் முப்பத்தொரு வருஷம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். மழையில் வீடு பாழாகிவிட்டது, குழாய் உடைந்து சுவர் ஊறிவிட்டது என்று யாராவது இழப்பீடு கேட்டால், நேரில் போய்ப் பார்த்து அது நிஜமா நாடகமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சுவரைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். அலுவலகத்தில் அவருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சந்தேகம் மட்டும் ஓய்வு பெறவில்லை. பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார் என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்டவரிடம் அவர் மனைவி ஒருநாள், இந்த வீட்டை விற்றுவிட்டு மாடி இல்லாத சின்ன வீடாகப் பார்த்துப் போய்விடலாமே என்றாள். சமையலறை கீழே, படுக்கையறை மேலே, நடுவில் பதினாறு படி. இரண்டு பேருக்கு எதற்கு இத்தனை பெரிய வீடு என்றாள். இத்தனை வருஷமாக எதையும் கேட்காதவள் திடீரென்று கேட்டால் பூதக்கண்ணாடி சும்மா இருப்பாரா? இதற்குப் பின்னால் அவள் தம்பி இருக்கிறான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். இருந்தும் சம்மதித்தார். மறுத்துவிட்டால் சூழ்ச்சி என்னவென்று தெரியாமலே போய்விடுமே!

எட்டு மாதம் ஆயிற்று. வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், போனார்கள். இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் மனத்துக்குப் பிடித்த ஒரு வீட்டை அவள் பார்த்து வைத்திருந்தாள். அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசி வரைதான் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார். அவள் நாட்காட்டியைப் பார்ப்பதும், பேசாமல் உள்ளே போவதுமாக இருந்தாள்.

அப்போதுதான் மைத்துனன் ஒரு பட்டியலோடு வந்தான். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். "மாமா, வீட்டுல குறை ஒண்ணும் இல்ல. பாக்கறவங்க கண்ணுக்குத்தான் சோர்ந்து தெரியுது. பெரிய செலவெல்லாம் வேண்டாம், சின்னச் சின்ன வேலை செஞ்சாப் போதும்" என்றான்.

வாசல் கேட்டுக்குக் கறுப்புப் பெயின்ட், கீலுக்கு எண்ணெய். ஒழுகும் குழாய்களுக்கு வாஷர். ஆணி அடித்த ஓட்டைகளுக்குப் பட்டி. குளியலறை டைல்ஸின் இடுக்கெல்லாம் சோடா உப்புப் போட்டுத் தேய்ப்பது. ஒரு அறையில் மஞ்சள், ஒரு அறையில் வெள்ளை என்று எரிகிற பல்புகளை ஒரே நிறமாக மாற்றுவது. கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சாமான்களில் பாதியை அப்புறப்படுத்துவது. உள்சுவர்களுக்கு ஒரு கோட் வெளிர்நிறம். எல்லாம் நியாயமான யோசனைதான். ஆனால் பெயின்ட், வாஷர், பல்பு எல்லாமே மைத்துனன் கடையில் விற்கிற சரக்கு. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று மனைவி காதில் விழும்படி சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது. படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் மொட்டைச் சுவர், பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. சுவரோடு ஒரு மரக் கைப்பிடி வைக்கலாம். அதுவரை வாய் திறக்காத மனைவி, அது இருந்தால் நன்றாயிருக்கும் என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார், அவள் தம்பியைப் பார்த்தார். கூட்டுக் களவாணிகள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் இரண்டு தடவை அடித்தார்.

வேலை நடந்த பத்து நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். பெயின்டர் டப்பாவில் தண்ணீர் ஊற்றினால் எத்தனை குவளை என்று எண்ணினார். வீடு என்னவோ பளிச்சென்று ஆகிவிட்டது. கூடம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நன்றாக முடிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்த நாலாம் நாள் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்தது. படிக்கட்டுச் சுவரில் நெஞ்சு உயரத்தில் மங்கலாக ஒரு கறை. இரண்டு படி கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. ஓய்வு பெற்ற பிறகு அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. மழைநீர் இல்லை, இது உள்சுவர். குழாய்க் கசிவு இல்லை, இந்தப் பக்கம் குழாயே போகவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், காய்ந்துதான் இருந்தது. முகர்ந்தார், மருந்து மாதிரி ஒரு நெடி. பெயின்ட்டில் எதையோ கலந்து ஏமாற்றியிருக்கிறார்கள்!

பெயின்டரைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது எண்ணெய்க் கறை. மேல எத்தனை கோட் அடிச்சாலும் வரும். யாரோ தினமும் கை வைக்கிறாங்க" என்றார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், நான் கை வைப்பதில்லை என்று இவர் சீறினார். பெயின்டர் சமையலறை வாசலில் நின்ற வீட்டம்மாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள். பெயின்டர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல் பிரஷ்ஷை எடுத்து இன்னொரு கோட் அடித்தார். தலையாட்டியதை இவர் கவனிக்கவில்லை. பெயின்டர் வாயை மூடிக்கொண்டதை மட்டும் கவனித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று முடிவு செய்தார்.

அந்தக் கோட் அடித்த ஐந்தாம் நாள் கறைகள் அதே இடங்களில் திரும்பி வந்தன. பெயின்டரை வாசலோடு அனுப்பினார். மைத்துனனை இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார். மனைவி எதற்கும் வாதாடவில்லை. மாதம் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஒரு பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். இரவு அடுப்பு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்தால்தான் அவருக்கு வசதி. அவர்களுக்காக இவர் அன்றைக்கு நடைப்பயிற்சிக்குப் போகவில்லை. தினமும் ஆறு மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். ஆள் வருவதையும் தான் வீட்டில் இருப்பதையும் மாடியில் இருந்த மனைவியிடம் அவர் சொல்லவில்லை.

வந்தவர்களுக்குக் கூடம் பிடித்திருந்தது, சமையலறை பிடித்திருந்தது. படிக்கட்டுக்கு வந்ததும் பேக்கரிக்காரர் நின்றார். சுவரில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "சார், இது ஈரமா?" என்று கேட்டார். பெயின்டர் செய்த மோசடியை விளக்கலாம் என்று இவர் தொண்டையைச் செருமும்போது மேலே கதவு திறந்தது.

மனைவி வெளியே வந்தாள். கீழே ஆள் நிற்பதைப் பார்க்கவில்லை; பார்வையெல்லாம் படியில்தான். வலது காலை இறக்கி, இடது காலையும் அதே படியில் கொண்டுவந்து சேர்த்தாள், நடை பழகும் குழந்தை மாதிரி. உள்ளங்கை சுவரில் ஊன்றியிருந்தது. முதல் கறைமேல் சரியாக. பிறகு இரண்டாவது கறைமேல். நடுவில் நின்று குனிந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். அதே கையை மறுபடியும் சுவரில் வைத்தாள். தைலத்தின் நெடி கீழே வரை வந்தது.

பேக்கரிக்காரர் சுவரிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். அவர் மனைவிதான் நாலு படி ஏறிப்போய், "என் தோளைப் பிடிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிக் கூட்டிவந்தாள். இவர் நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனையோ பேருடைய வீட்டுச் சுவரைப் படித்தவருக்கு, சொந்த வீட்டுச் சுவரைப் படிக்கத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

பேக்கரிக்காரருக்கு வீடு பிடித்திருந்தது. மறுநாளே முன்பணத்தோடு வருவதாகச் சொன்னார். உடனே சரி சொல்கிறாரே என்று வேறு எந்த நாளானாலும் இவருக்கு உறுத்தியிருக்கும். அன்றைக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. அவர்கள் போனதும் மனைவிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் கையில் ஒட்டியிருந்த தைலத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"சொன்னா நீங்க நம்பணுமே."