மேலே ஜீப், கீழே வெங்காயம்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். போர்ட் பிளேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். டெலானிபூரில் வெங்காய மண்டி வைத்தேன். சிப்பிகாட்டில் கிடங்கு கட்டினேன். சுனாமி கொண்டுபோனது, அதைவிடப் பெரிதாக இன்னொன்று கட்டினேன். இரண்டு லாரி ஓடுகிறது. எல்லாவற்றிலும் என் பெயர் எழுதியிருக்கிறது. நான் உண்டாக்கிய ஒன்றில் மட்டும் இல்லை. எங்கள் ஏழு பேர் ரக்பி அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த வீச்சு அது.

பயிற்சியாளர் என் மருமகன், விளையாட்டு ஆசிரியர். அணியில் இரண்டு பேர் என்னிடம் வேலை செய்பவர்கள்: லாரி ஓட்டும் பெங்காலி, மூட்டை தூக்கும் ராஞ்சிக்காரன்.

பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனால் இரு அணியும் பக்கத்தில் பக்கத்தில் வரிசை கட்டும். கோட்டிலிருந்து ஒருவன் எறிய, இரண்டு பேர் தூக்கிவிடும் இன்னொருவன் அந்தரத்தில் பிடிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் எங்கள் லாரிக்காரன் எறிந்ததையெல்லாம் எதிரணி நெட்டையன் பறித்துக்கொண்டிருந்தான்.

பார்த்ததும் எனக்குத் துறைமுகம் ஞாபகம் வந்தது. கப்பலிலிருந்து கிரேன் ஒரு ஜீப்பைத் தூக்கினால் போதும், மொத்தக் கப்பல்துறையும் அண்ணாந்து பார்க்கும். அந்த நேரம் பார்த்து நான் பலகை வழியாக வெங்காய மூட்டையோடு இறங்கிவிடுவேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் அப்புறம்தான் கவனிப்பார்கள்.

மருமகனிடம் சொன்னேன். "பின்னால ஆளைத் தூக்குங்க. ஆனா பந்தை முன்னால நிக்கிறவனுக்குத் தாழ்வா எறியுங்க. எறிஞ்சவன் கோட்டோரமா ஓடட்டும், பந்து அவன் கைக்கே திரும்பி வரட்டும்."

"மாமா, இது மண்டி இல்ல," என்றார்.

"மண்டியா இருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்க மாப்பிள்ளை."

அவர் கேட்கவில்லை. நான் விடுவேனா? கிடங்கு வாசலில் தினமும் காலையில் என் ஆட்கள் இருவரையும் வைத்துப் பழக்கினேன். மற்ற ஐந்து பேருக்கும் தெரியாது. தூக்குகிறவனே நிஜமென்று நம்பித் தூக்கினால்தான் எதிரி நம்புவான்.

மின்னி பே மைதானத்தில் இறுதி ஆட்டம், அதே நெட்டையன் அணியோடு. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, மூன்று புள்ளி பின்னால் இருக்கிறோம். அவர்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டைத் தாண்டி நாங்கள் பந்தை ஊன்றினால் ஐந்து புள்ளி. பந்து வெளியே போனது, எறிவது நாங்கள். லாரிக்காரன் பந்தோடு நான் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்தான்.

"சாச்சா, கோச் சாப் டாண்டேகா," என்றான், மருமகன் திட்டுவாரே என்று.

"திட்டு என் கணக்கு. தூ ஃபேங்க்," என்றேன், நீ எறி என்று.

பின்னால் எங்கள் ஆள் ஜீப் மாதிரி ஏறினான். நெட்டையனும் ஏறினான். மைதானமே அண்ணாந்தது. பந்து தாழ்வாக ராஞ்சிக்காரன் மார்புக்குப் போய், உடனே லாரிக்காரன் கைக்குத் திரும்பியது. அவன் கோட்டோரமாகப் பறந்தான். அந்தரத்தில் இருந்த எங்கள் ஆள் இன்னும் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். துரத்தியவன் கை இவன் சட்டையைத் தொட்டது, பிடிக்கவில்லை. பந்தை ஊன்றிவிட்டான். நான் செருப்பில்லாமல் மைதானத்துக்குள் ஓடியிருக்கிறேன், செருப்பு எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

பாராட்டுக் கூட்டத்தில் மருமகன் மைக்கைப் பிடித்து, "இது நான் பல நாள் யோசிச்ச திட்டம்," என்றார். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது அணியின் அறையில் வெற்றிப் பலகை மாட்டப்போகிறார்கள். திட்டம் என்ற இடத்தில் அவர் பெயர் ஒன்றுதான்.

"வாப்பா, ஒரு பேருக்கா இத்தனை சண்டை?" என்கிறாள் மகள்.

ஒரு பெயருக்குத்தான். பெயிண்ட் இன்னும் காயவில்லை, இடமும் இருக்கிறது. அணி நிர்வாகிகளே, மருமகன் பெயரை அழிக்க வேண்டாம். அதற்கு மேலே, அதே அளவு எழுத்தில், என் பெயரை எழுதுங்கள். எழுதிய பிறகு மாட்டுங்கள்.