சோற்றுக்குள் போன தண்ணீர்

மகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி. அதற்கு மேல் ஒரு வாய்கூட உள்ளே போகக்கூடாது என்றார் டாக்டர். சிறுநீரகக் கோளாறு, குடிக்கும் நீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கியது. அவளுக்கு ஒன்பது வயது.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் லீவு சொன்னேன். மனைவி மன்னார்புரம் அலுவலகத்துக்குப் பஸ் ஏறியதும் ஸ்ரீரங்கத்து வீட்டில் நாங்கள் இருவர்தான். மருந்து மூடியால் ஒவ்வொரு பாத்திரத்தையும் அளந்தேன். எவர்சில்வர் டம்ளர் விளிம்புவரை நூற்றெழுபது. காபி ஊற்றும் அளவுக்கு நூற்று முப்பது. ரசக் கரண்டி அறுபது. மேசைக்கரண்டி பதினைந்து என்கிறார்கள்; எங்கள் வீட்டுக் கரண்டி பதினொன்றுதான் கொண்டது. பெருமாள் தீர்த்தத்தையும் விடவில்லை, உத்தரணிக் கரண்டிக்கு ஐந்து. எல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் ஏறியது. ஒரு நாளும் ஐந்நூறைத் தாண்டவில்லை.

நான்காம் நாள் காலையில் எடை முந்நூற்றைம்பது கிராம் கூடியிருந்தது. மறுநாளும் கூடியது. அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது எழவில்லை.

“திருட்டுத்தனமா குடிச்சியா?”

“பெருமாள் சத்தியமா இல்லப்பா.”

உதடு வெடித்திருந்தது. நான் நம்பவில்லை. குளியலறைக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பல் துலக்கும்போது அவள் கொப்பளித்துத் துப்பியதைப் பிடித்து அளந்தேன். வாயில் ஊற்றியது நாற்பது, துப்பியது முப்பத்தெட்டு.

மத்தியானம் வீதி அடங்கியதும் எங்கோ நீர் ஊறும் சத்தம் கேட்டது. சமையலறையில் தேடினேன், தொட்டி காய்ந்திருந்தது. அவள் தூங்கும் அறைக்குள் போனால் சத்தம் கூடியது.

மனைவியிடம் சொன்னேன். “ஏங்க, அப்ப சுவத்துலேருந்தா ஊறுது புள்ளைக்கு?” என்று சிரிக்கப் பார்த்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் சுவரைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆறாம் நாள் மகளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே உணவு ஆலோசகர் என் தாளை வரி வரியாகப் படித்தார்.

“கணக்கு சரியாத்தாங்க இருக்கு. சாப்பிட என்ன குடுத்தீங்க?”

“பசியே இல்லைன்னா அவ. உப்பில்லாம, குழைய வெச்ச சாதம். ரெண்டு வேளை.”

“அரிசிக்கு எத்தனை தண்ணி?”

“ஒண்ணுக்கு நாலு.”

“அந்த நாலும் எங்கங்க போச்சு?”

ஆழாக்கு அரிசிக்கு நாலு ஆழாக்கு. அறுநூற்றெழுபது மில்லி. தினமும் காலையில் நானேதான் ஊற்றினேன். குக்கரைத் திறந்தால் தண்ணீர் இருக்காது. கண்ணில் படாததை நான் எழுதவில்லை. அவள் வேண்டாம் என்று தலையைத் திருப்பியபோதெல்லாம், இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று பிசைந்து ஊட்டியிருக்கிறேன். ஆவியாய்ப் போனது போக, பாதிக்கு மேல் அவளுக்குள் இருந்தது.

ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: “நான் குடிக்கலப்பா.”

“தெரியும்மா,” என்றேன்.

வீக்கம் வடியப் பத்து நாளானது. மத்தியானத்தில் கேட்ட சத்தம் என்னவென்று இன்றும் தெரியவில்லை. இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். ஷூ மாட்டிவிடும் சாக்கில் தினமும் அவள் காலை ஒரு முறை அழுத்துகிறேன்.

“விடுப்பா, நான் என்ன பரோட்டா மாவா?”

பள்ளம் உடனே எழுந்துவிடுகிறது. எழும்வரை நான் மூச்சு விடுவதில்லை.